பழைய ரிசீவர், புதிய டிவி: 5.1 ஒலியை ஆறு அனலாக் கம்பிகளில் பிரித்து எடுப்பது எப்படி?

#1 பழைய_வானொலி

வணக்கம். என்னிடம் இருப்பது 1990களின் கடைசியில் வந்த ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) பெட்டி. முகப்பில் 'டால்பி புரோ லாஜிக்' என்றும் அதற்குக் கீழே 'டால்பி டிஜிட்டல் ரெடி' என்றும் அச்சிட்டிருக்கும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்கள், தனியாக மின்சாரம் எடுக்கும் ஒரு சப்வூஃபர், அதாவது 5.1. எல்லாம் இன்றைக்கும் அருமையாகப் பாடுகின்றன, இவற்றை மாற்றும் எண்ணம் இல்லை.

புதிய டிவியிலிருந்து ஒலி வெளியே வர இரண்டே வழி: எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வாசல்) அல்லது ஆப்டிகல் (ஒளி இழைக் கம்பி). ரிசீவரின் பின்பக்கம் இரண்டுமே கிடையாது. ஆப்டிகலை அனலாக்காக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி ஆக்ஸ் துளையில் மாட்டினேன். டிவியில் 'பிசிஎம்' என்று வைத்தால் ஒலி வருகிறது, ஆனால் இரண்டு சேனல்தான். 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றினால் சர்ரென்ற இரைச்சல், சில சமயம் முழு நிசப்தம். பெட்டி பழுதா, நான் வாங்கியதே தப்பான பொருளா?

#2 கேபிள்_கதிர்

பழுது இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, உங்களுக்குத் தேவையான வேலை வேறு.

டிஜிட்டல் சரவுண்டை அனலாக் ஆக்குவதில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி டிகோடிங்: சுருக்கிக் கட்டிய டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் தரவைப் பிரித்து ஆறு தனித்தனி சேனல்களாக்குவது. இரண்டாவது, அந்த ஆறு சேனல்களின் எண்களையும் மின் அலையாக மாற்றுவது. உங்கள் பெட்டிக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும், அதுவும் இரண்டு சேனலுக்கு மட்டும். டால்பி தரவு வந்ததும் அதையும் பிசிஎம், அதாவது சுருக்காத நேரடி ஒலி எண்கள் என்று நினைத்து அப்படியே வாசிக்கிறது. சுருக்கெழுத்துத் தாளை அது தெரியாதவர் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்ன மாதிரிதான், அந்த இரைச்சல். கொஞ்சம் விவரமான பெட்டி என்றால் 'இது பிசிஎம் இல்லை' என்ற அடையாளத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். அதுதான் நிசப்தம்.

தயவுசெய்து ஒலியளவைக் கூட்டி வைத்துக்கொண்டு இதைச் சோதிக்காதீர்கள். அந்த இரைச்சல் முழு அளவில் வரும், ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிக்கான ட்வீட்டர் போய்விடும்.

#3 நாதவிரும்பி

ஒரு கேள்வி. பின்பக்கம் ஆர்சிஏ (வழக்கமான அனலாக் ஆடியோ கம்பி மாட்டும்) துளைகள் ஆறு ஒரே கொத்தாக, '5.1 இன்', '6 சேனல் இன்' அல்லது 'எக்ஸ்டர்னல் டிகோடர்' என்று எழுதி இருக்கிறதா? 'ரெடி' என்று போட்ட ரிசீவர்களில் இருக்க வேண்டும்.

#4 பழைய_வானொலி

இருக்கிறது! முன் இடது, முன் வலது, சென்டர், இடது சரவுண்ட், வலது சரவுண்ட், சப்வூஃபர். இத்தனை வருடமும் அதில் எதையும் மாட்டியதில்லை.

#5 நாதவிரும்பி

அப்படியானால் உங்கள் ரிசீவர் இதற்கென்றே செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் டால்பி டிஜிட்டல் டிகோடரை உள்ளே வைத்தால் விலை ஏறும் என்பதால், 'டிகோடரைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் ஆறு வாசல் திறந்து வைக்கிறோம்' என்று விற்றார்கள். ரெடி என்ற சொல்லின் பொருள் அவ்வளவுதான். அப்புறம் 1999இல் எஸ்ஏசிடி, 2000இல் டிவிடி ஆடியோ வந்தபோது இதே ஆறு வாசல்கள் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டன. அந்தத் தட்டுகளின் உயர்தர ஒலியை நகல் பயத்தால் ஆப்டிகல் வழியே வெளியே விடவில்லை. அதனால் 2000களில் வந்த பல நல்ல ரிசீவர்களிலும் இந்தக் கொத்து இருக்கும். இழையைப் படிக்கும் மற்றவர்களும் உங்கள் ரிசீவரின் முதுகை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

#6 இசைச்செல்வி

புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. இப்போது இருக்கும் பெட்டியே போதும்.

டிவியை பிசிஎம்மில் வையுங்கள், ஆக்ஸைத் தேர்ந்தெடுத்து, இரண்டு சேனலிலிருந்து சரவுண்டைப் பிரித்தெடுக்கும் புரோ லாஜிக்கை ரிசீவரில் ஓட விடுங்கள். டிவியோ பிளேயரோ 5.1ஐ இரண்டு சேனலாகக் குறைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று சாதாரண ஸ்டீரியோ: சென்டரையும் சரவுண்டையும் 3 டெசிபல் குறைத்து இடது வலதில் கலந்துவிடும். மற்றது 'எல்டி/ஆர்டி' எனப்படும் மேட்ரிக்ஸ் முறை: சரவுண்டின் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) திருப்பிக் கலக்கும், புரோ லாஜிக் அதை அடையாளம் கண்டு பின்னால் அனுப்பும். சில பிளேயர்களில், செட்டாப் பெட்டிகளில் 'டவுன்மிக்ஸ்' என்ற தலைப்பில் இந்தத் தேர்வு இருக்கும். இருந்தால் எல்டி/ஆர்டி அல்லது 'சரவுண்ட்' என்பதை எடுங்கள்.

உரையாடல் சென்டரில் கச்சிதமாக நிற்கும். பின்னால் மழை, கூட்டம், எதிரொலி எல்லாம் வரும். முதல் தலைமுறை புரோ லாஜிக்கில் பின் சேனல் ஒன்றே ஒன்று, அதுவும் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் வரைதான். இரண்டு பின் ஸ்பீக்கரும் அதையே பாடும். 2000இல் வந்த புரோ லாஜிக் 2 பின்பக்கத்தையும் முழு அலைவரிசையில் ஸ்டீரியோவாகப் பிரிக்கும். எங்கள் வீட்டில் சீரியலும் செய்தியும் பார்க்க இன்னும் இந்த வழிதான். இரண்டே கம்பியில் இவ்வளவு கிடைப்பது எனக்கு இன்றும் அதிசயம்தான்.

#7 கேபிள்_கதிர்

செல்வி சொன்னதில் ஒரு சேர்க்கை: டவுன்மிக்ஸில் சப்வூஃபர் சேனலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வெடிச் சத்தம் மெலிந்து கேட்டால் காரணம் அது.

#8 சாலிடர்_மாமா

சரி, ஆறு வாசல் இருக்கும்போது ஆறையும் பயன்படுத்துவோம். உங்களுக்கு வேண்டியது '5.1 டிகோடர்' என்ற பெட்டி. ஆப்டிகல், கோஆக்சியல் உள்ளே, ஆறு ஆர்சிஏ வெளியே. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

திசை முதலில். 'அனலாக் டு டிஜிட்டல்' பெட்டியும் 'டிஜிட்டல் டு அனலாக்' பெட்டியும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அட்டையில் 'உள்ளே' எது, 'வெளியே' எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். வெளியே இரண்டு ஆர்சிஏ மட்டும் இருந்தால், மேலே 5.1 என்று எத்தனை பெரிதாக எழுதியிருந்தாலும் அது ஸ்டீரியோ பெட்டி.

முகப்பில் வரும் தரவைக் காட்டும் விளக்குகள் இருந்தால் மிகவும் நல்லது: பிசிஎம், டால்பி, டிடிஎஸ் என்று மூன்று. டால்பி விளக்கு எரியவில்லை என்றால் குற்றம் டிவி அமைப்பில். எரிந்தும் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் குற்றம் கம்பியில். தேடும் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது சப்வூஃபர். டால்பி டிஜிட்டலில் எல்எஃப்இ (சப்வூஃபருக்கான தாழ் ஒலி) சேனல், இசைக்கும்போது மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் உயர்த்தப்படும் என்ற கணக்கில் பதிவு செய்யப்படுகிறது. ரிசீவருக்குள் டிகோடர் இருந்தால் அதுவே உயர்த்திவிடும். தனிப் பெட்டி என்றால் சில உயர்த்தும், சில உயர்த்தாது. உயர்த்தாத பெட்டி வாய்த்தால் சப் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சப்பின் முதுகில் உள்ள குமிழைத் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் ஆக்ஸில் பாட்டுக் கேட்கும்போது அதே அளவு அதிகமாக இருக்கும். குமிழைச் சுற்றி ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, படத்துக்கு ஒரு கோடு, பாட்டுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம்: பேஸ் மேனேஜ்மென்ட். எல்எஃப்இ சேனல் 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஆனால் மற்ற ஐந்து சேனல்களும் முழு அலைவரிசை, அவற்றிலும் 30, 40 ஹெர்ட்ஸ் ஒலி தாராளமாக இருக்கும். சின்ன ஸ்பீக்கர்களால் அதைப் பாட முடியாது. சாதாரணமாக ரிசீவர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சப்புக்குத் திருப்பிவிடும். பழைய ரிசீவர்களின் 5.1 வாசலிலோ சிக்னல் நேராக வால்யூமுக்குப் போய் ஆம்ப்புக்குப் போகும், நடுவில் எந்தக் கணக்கும் கிடையாது. அதனால் ஸ்பீக்கரை 'சின்னது', 'பெரியது' என்று குறிக்கும் வசதி டிகோடர் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் முன் ஸ்பீக்கர்கள் எவ்வளவு பெரியவை?

#9 பழைய_வானொலி

முன் இரண்டும் தரையில் நிற்கும் மரப்பெட்டிகள், 8 அங்குல வூஃபர். சென்டரும் பின் இரண்டும் சிறியவை. புரோ லாஜிக் சோதனையும் செய்து பார்த்தேன். குரல் சென்டரில் வந்து நின்றதே பெரிய முன்னேற்றம். செல்விக்கு நன்றி.

#10 சாலிடர்_மாமா

முன் இரண்டும் அந்த அளவு என்றால் பெரிய கவலை இல்லை. சென்டரையும் பின் இரண்டையும் மட்டும் பெட்டியில் 'சின்னது' ஆக்குங்கள். அந்த வசதி இல்லாத பெட்டி கிடைத்தால்கூட உங்கள் செட்டில் இழப்பு சிறிது.

முன் ஸ்பீக்கர்கள் சின்னதாக உள்ளவர்களுக்கு: சப்வூஃபரின் பின்னால் ஸ்பீக்கர் கம்பி மாட்டும் முனைகள் இருந்தால், முன் இடது வலது கம்பிகளை அங்கேயும் ஒரு கிளை எடுத்துக் கொடுங்கள். முன் சேனல்களின் பேஸ் அந்த வழியாகச் சப்புக்கு வந்துவிடும். அந்த இணைப்பும் ஆர்சிஏ இணைப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்யுமா என்பது சப்புக்குச் சப் மாறும், கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

#11 நடுநிலை_நண்பன்

எல்லோரும் கோபப்படக் கூடாது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் ஒன்றைப் பழையதாகவே வாங்கிவிடலாமே? ஒரே கேபிள், ஒரே ரிமோட். அறையின் அளவுக்கு ஏற்ப அதுவே மைக் வைத்துச் சரிசெய்துகொள்ளும். ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லா ஒலிகள் எல்லாம் ஆப்டிகலில் வரவே வராது.

#12 கேபிள்_கதிர்

கோபம் ஏன், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆப்டிகலும் கோஆக்சியலும் எஸ்பிடிஐஎஃப் என்ற ஒரே தரத்தின் இரண்டு உருவங்கள். அதில் போகக்கூடியது இரண்டு சேனல் பிசிஎம், இல்லாவிட்டால் சுருக்கிய டால்பி டிஜிட்டல் அல்லது சாதாரண டிடிஎஸ். ட்ரூஎச்டி, பல சேனல் பிசிஎம், டால்பி டிஜிட்டல் பிளஸ் எதுவும் போகாது.

ஆனால் இழையைத் தொடங்கிய பழைய_வானொலியின் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். டிவியில் உள்ள ஓடிடி செயலிகள் தருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ். டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் அனுப்பும். டிவிடியில் டால்பி டிஜிட்டலின் உச்சம் நொடிக்கு 448 கிலோபிட், ப்ளூ-ரேயில் 640. டிடிஎஸ்-எச்டி தட்டுகளுக்குள்ளே சாதாரண டிடிஎஸ் ஒரு அடித்தளமாக இருக்கும், நொடிக்கு 1,509 கிலோபிட் வரை. ஆப்டிகலில் அனுப்பினால் அந்த அடித்தளம் மட்டும் தனியாக வரும். நல்ல ஸ்பீக்கரில் அது எந்த வகையிலும் மட்டமான ஒலி இல்லை. அட்மாஸ் படங்களுக்கும் கவலை வேண்டாம். தலைக்கு மேலே பறக்கும் உணர்வு போகும், ஆனால் ஒலி எதுவும் காணாமல் போகாது, எல்லாம் 5.1க்குள் வந்துவிடும்.

அப்புறம், அந்தத் தலைமுறை ரிசீவர்களில் பலவற்றை இரண்டு கையால் தூக்கினால்தான் தெரியும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் என்ன எடை என்று. வேலை செய்யும் ஒரு நல்ல ஆம்ப்பை, உள்ளே ஒரு சிப் இல்லை என்பதற்காக ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வராது.

#13 நடுநிலை_நண்பன்

அதை ஏற்கிறேன். ட்ரூஎச்டியும் அட்மாஸும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் என் யோசனை இருக்கட்டும்.

#14 தட்டு_சேகரிப்பாளர்

தட்டு போட்டுப் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலர் மறந்துவிட்டார்கள். 5.1 அல்லது 7.1 அனலாக் வெளியீடு உள்ள ப்ளூ-ரே பிளேயர். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி எல்லாவற்றையும் அதுவே பிரித்து ஆறு ஆர்சிஏவில் தந்துவிடும். ஸ்பீக்கர் அளவு, தூரம், சேனல் அளவு எல்லாம் அதன் மெனுவிலேயே. ஒப்போ நிறுவனத்தின் பிடிபி-103 மாதிரியில் பின்னால் எச்டிஎம்ஐ உள்ளீடும் உண்டு, செட்டாப் பெட்டியை அதற்குள் கொடுத்து அனலாக்காக எடுக்கலாம். 2018இல் அவர்கள் பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், அதனால் பழையதுதான் தேட வேண்டும். ஒலித்தரத்தில் சின்ன டிகோடர் பெட்டி எதுவும் இதன் அருகில் வராது என்பது என் கருத்து.

சாதாரண டிவிடி பிளேயர்களிலும் 5.1 வெளியீடு இருக்கும். ஆனால் அது தன் தட்டை மட்டுமே பிரிக்கும். டிவியின் ஒலியை அதற்குள் கொடுக்க வாசல் இல்லை.

#15 விளையாட்டுப்பிள்ளை

நான் ஆப்டிகலை நம்பி ஏமாந்தவன். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் 5.1ஐ பிசிஎம்மாக மட்டுமே தருகிறது, டால்பியாகச் சுருக்குவதில்லை. ஆப்டிகலுக்கு வந்ததும் இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். பிளேஸ்டேஷன் 5இல் ஆப்டிகல் துளையே இல்லை. என்ன செய்வது?

#16 கேபிள்_கதிர்

உங்களுக்கு எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள டிகோடர் பெட்டி வேண்டும், 'பல சேனல் பிசிஎம் 5.1 அல்லது 7.1' என்று விவரத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கன்சோலிலிருந்து முதலில் அந்தப் பெட்டி, அதிலிருந்து டிவி. பல சேனல் பிசிஎம்மில் டிகோட் செய்ய எதுவுமே இல்லை என்பதால் ஒலி மிகவும் சுத்தமாக இருக்கும். வாங்கும் முன், பெட்டி எந்தப் படத் தெளிவு வரை கடத்தும் என்பதையும் பாருங்கள்.

#17 பழைய_வானொலி

டிகோடர் பெட்டி வந்துவிட்டது, டால்பி விளக்கும் எரிகிறது! டிவிக்குள் இருக்கும் செயலிகளில் ஆறு சேனலும் தனித்தனியாகக் கேட்கின்றன. சந்தேகம்: எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கும் பிளேயரில் படம் ஓட்டினால் பிசிஎம் விளக்குதான் எரிகிறது. டிவி அமைப்பை மாற்றியும் பயனில்லை.

#18 கேபிள்_கதிர்

டிவிக்கே உரிய பழக்கம் அது. வெளியிலிருந்து எச்டிஎம்ஐயில் வரும் ஒலியைப் பல டிவிகள் ஸ்டீரியோவாக்கித்தான் ஆப்டிகலில் விடும். பிளேயர் 'உனக்கு என்னென்ன ஒலி தெரியும்?' என்று டிவியைக் கேட்கும்போது 'ஸ்டீரியோ மட்டும்' என்று டிவி பதில் சொல்லிவிடும், பிளேயரும் நம்பிவிடும். டிடிஎஸ் விஷயத்தில் இன்னும் மோசம், சாம்சங் 2018 மாதிரிகளிலிருந்து டிடிஎஸ்ஸை டிவிகளில் நிறுத்திவிட்டது.

பிளேயரிலேயே ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் இருந்தால் டிவியை விட்டுவிட்டு அங்கிருந்தே டிகோடருக்கு இழுங்கள். கோஆக்சியலுக்குத் தனி கேபிள் தேட வேண்டாம், பழைய வீடியோ கேபிளின் மஞ்சள் கம்பியே போதும், அதுவும் 75 ஓம்தான்.

எதுவும் இல்லையென்றால் பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் 'எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்' வையுங்கள். பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும்: 'பாஸ்', '2 சேனல்', '5.1'. 5.1இல் தள்ளினால், டிவியின் பதிலுக்குப் பதிலாகப் பெட்டி தானே 'எனக்கு 5.1 தெரியும்' என்று சொல்லும். ஸ்விட்சை மாற்றிய பிறகு பிளேயரை அணைத்துப் போடுங்கள், அப்போதுதான் மறுபடி கேட்கும்.

#19 கணினிக்காரன்

குறுக்கே ஒரு தகவல். மேசைக் கணினியில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் மூன்று இருந்தால் அதுவே ஒரு 5.1 டிகோடர். பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் சப்பும். விஎல்சி, கோடி போன்ற மென்பொருள்கள் டால்பி, டிடிஎஸ் இரண்டையும் பிரித்துவிடும். மூன்று '3.5 டு ஆர்சிஏ' கம்பிகள் போதும். ஆரஞ்சில் மட்டும் சில சமயம் சென்டரும் சப்பும் இடம் மாறி வரும், வசனம் சப்பில் உறுமினால் அந்த இரண்டு ஆர்சிஏவை மாற்றி மாட்டுங்கள்.

#20 பழைய_வானொலி

எக்ஸ்ட்ராக்டர் வைத்ததும் பிளேயரிலும் டால்பி விளக்கு வந்துவிட்டது. கதிருக்கு மிக்க நன்றி. இரண்டு சின்னக் குறைகள்: அமைதியான காட்சிகளில் மெல்லிய 'ங்ங்' என்ற ரீங்காரமும் கூடவே ஒரு கிசுகிசுப்பும். அப்புறம் பின் ஸ்பீக்கர்கள் காதுக்கு மிக அருகில் இருப்பதால் எல்லாம் பின்னாலிருந்து வருவது போல இருக்கிறது.

#21 சாலிடர்_மாமா

டிகோடர் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து? டிவியின் யுஎஸ்பியிலிருந்து என்றால் முதலில் அதை எடுங்கள். ஆப்டிகலின் பெரிய நன்மையே டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் செப்புத் தொடர்பு இல்லை என்பது. யுஎஸ்பி கம்பி அந்தத் தொடர்பைக் கொல்லைப்புறமாக மறுபடி கொண்டுவந்துவிடும், டிவியின் கிசுகிசுப்பும் எர்த் ரீங்காரமும் அதில் ஏறி வரும். தனி 5 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

பின் ஸ்பீக்கருக்கு இரண்டு வேலை. முதலில் அளவு: பெட்டியிலோ ரிசீவரிலோ சேனல் வாரியாக ஏற்ற இறக்கம் இருந்தால், உட்காரும் இடத்தில் போனை ஒலி அளவியாக வைத்து, சோதனை இரைச்சலில் ஐந்தையும் சமமாக்குங்கள். அடுத்தது தாமதம். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1.5 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 1.5 மீட்டர், அதாவது சுமார் 4.4 மில்லிவினாடி. பெட்டியின் சரவுண்ட் தாமதத்தில் 4 அல்லது 5 வையுங்கள். புரோ லாஜிக் கையேட்டில் 20 மில்லிவினாடி என்று படித்திருப்பீர்கள். அது மேட்ரிக்ஸில் முன் ஒலி பின்னால் கசிவதை மறைக்க வைத்த தாமதம், இங்கே தேவையில்லை.

#22 பழைய_வானொலி

யுஎஸ்பியில்தான் இருந்தது. தனி அடாப்டர் போட்டதும் கிசுகிசுப்பு போய்விட்டது, ரீங்காரமும் இல்லை. தாமதம் 5 வைத்தேன், பின்பக்கம் இப்போது பின்னால் போய் நிற்கிறது. கடைசியாக ஒன்று: டிவி செயலிகளில் உதட்டசைவுக்குக் கொஞ்சம் முன்பே குரல் வந்துவிடுகிறது.

#23 இசைச்செல்வி

படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அது. டிவியின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் ஒலி தாமதம்' என்று இருக்கும். செய்தி வாசிப்பவர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சியை வைத்துக்கொண்டு, 'ப', 'ம' எழுத்துகளில் உதடு மூடுவதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிளேயர் வழிக்கு இது பொருந்தாது, ஏனென்றால் அங்கே ஒலி டிவிக்குள் போவதே இல்லை. பிளேயரின் மெனுவில் தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த எச்டிஎம்ஐ வாசலுக்கு மட்டும் டிவியில் 'கேம் மோட்' போட்டால் பட தாமதம் குறைந்துவிடும்.